அயனாக்கற் சக்தியும் விண்மீன் ஆராய்ச்சியும்

வாயு நிலையிலுள்ள அணுவொன்றிலிருந்து இலத்திரன் ஒன்றை நீக்குதற்கு வேண்டிய இழிவுச் சக்தி அதன் முதலாம் அயனாக்கற் சக்தி எனப்படும். ஆவர்த்தன அட்டவணையில் இடமிருந்து வலமாகச் செல்ல இது பொதுவாகக் கூடுகின்றது. கூட்டமொன்றில் மேலிருந்து கீழாகச் செல்லக் குறைகின்றது. ஈலியத்தில் 24.6 இலத்திரன் உவோற்றாக உள்ள பெறுமானம் சீசியத்தில் 3.9 ஆகும். மாணவர் மனனஞ் செய்யும் இவ்வெண்களைக் கொண்டே விண்மீன்களின் இயல்பை அறியும் வழியை வகுத்தவர் மேகநாத் சாகா.

1893 இல் டாக்காவுக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றில் ஏழைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த சாகா, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தபோது சூரிய நிறமாலையின் புதிர் ஒன்றை ஆராய்ந்தார். சோடியத்தின் கோடுகள் அந்நிறமாலையில் தெளிவாகத் தோன்றின. அதே கூட்டத்தைச் சேர்ந்த உருபீடியம், சீசியம் ஆகியவற்றின் கோடுகளோ காணப்படவில்லை. அம்மூலகங்கள் சூரியனில் இல்லையோ என்னும் ஐயம் நிலவியது.

அயனாக்கத்தை ஓர் இரசாயனக் கூட்டப்பிரிவு போலக் கருதிய சாகா, வெப்பநிலை, அமுக்கம், அயனாக்கற் சக்தி ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தும் சமன்பாட்டை 1920 இல் வெளியிட்டார். உருபீடியத்தின் அயனாக்கற் சக்தி 4.2 இலத்திரன் உவோற்று மாத்திரமே. ஆதலின் சூரிய வெப்பத்தில் அதன் அணுக்கள் பெரும்பாலும் அயன்களாகிவிடும். அவ்வயன்களின் முதன்மையான கோடுகள் கட்புலனாகும் ஒளிக்கு அப்பாலுள்ள ஊதாக்கடந்த பகுதியில் அமையும். கோடுகள் தோன்றாமைக்கு மூலகம் இன்மை காரணமன்று என்பது இதனாற் பெறப்பட்டது. வெப்பநிலை குறைந்த சூரிய களங்கங்களில் உருபீடியத்தின் கோடுகள் தோன்றுதல் வேண்டும் எனவும் சாகா எதிர்வுகூறினார். மவுண்ட் வில்சன் அவதானிப்புகளை ஆராய்ந்த அமெரிக்க வானியலாளர் ஹென்றி நொறிஸ் ரசல் 1922 இல் அவற்றைக் கண்டார்.

இதன் விளைவு இத்துடன் அமையவில்லை. சிசிலியா பெயின் 1925 இல், இச்சமன்பாட்டைப் பயன்படுத்தி, விண்மீன்களில் ஐதரசனும் ஈலியமுமே மிகப் பெரும்பான்மையாக உள்ளன என்னும் முடிவை எய்தினார். அம்முடிவை ரசல் அப்போது ஏற்கவில்லை. பெயினும் அது உண்மையாதல் அரிது எனத் தம் ஆய்வேட்டில் எழுத நேர்ந்தது. ஆயின் 1929 இல் ரசலே அதனை ஒப்புக்கொண்டார்.

ஒளிக்கோட்டின் வலிமை மூலகத்தின் அளவை மாத்திரம் உணர்த்துவதன்று. அணு தன் இலத்திரனை எத்துணை இறுகப் பற்றியுள்ளது என்பதையும் அது உணர்த்துகின்றது. இவ்வுண்மையைப் புலப்படுத்துதற்குப் பெருந் தொலைநோக்கி எதுவும் சாகாவிடம் இருந்ததில்லை. பிறர் ஆய்வுகூடங்களில் அளந்தறிந்த எண்களை ஒப்புநோக்கி, அவற்றின் பொருளை உய்த்துணர்ந்தமையே அவர்தம் சாதனையாகும். வசதி குறைந்த பல்கலைக்கழகங்களிலும் முதன்மையான ஆராய்ச்சி நிகழ்தல் கூடும் என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.