யாழ்ப்பாணப் பத்திரிகைக் குடும்பங்களும் அகலப்பட்டையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பத்திரிகை மிஷன் அச்சகத்தில் பிறந்து, சைவ சபைகளின் கையில் வளர்ந்து, அதன் பின்னரே குடும்பங்களின் தொழிலானது. 1841இல் அமெரிக்க மிஷன் வெளியிட்ட உதயதாரகையும் 1889இல் சைவபரிபாலன சபை தொடங்கிய இந்துசாதனமும் கொள்கைப் பத்திரிகைகள். இலாபம் அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. அச்சுத் தொழிலையும் பத்திரிகையையும் ஒரே முதலில் இணைத்து நடத்தியவர்களில் முதலில் குறிப்பிட வேண்டியவர் சுன்னாகத்தில் திருமகள் அழுத்தகத்தை நிறுவி, 1930இல் ஈழகேசரியைத் தொடங்கிய நா. பொன்னையா. கணேசையரின் குறிப்புகளோடு கூடிய தொல்காப்பியப் பதிப்பை வெளியிட்டதும் இந்த அச்சகமே. பத்திரிகைக்கு வெளியே நூல் பதிப்பாலும் வருவாய் தேடிய நிறுவனம் அது. பொன்னையா 1951இல் மறைந்தார். ஈழகேசரி 1958இல் நின்றது.

அதே 1930இல் கொழும்பில் சுப்பிரமணியம் செட்டியார் வீரகேசரியைத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1933 யூன் 1ஆம் திகதி, வாசிங்டன் நகரில் நட்டத்தில் மூழ்கிய வாசிங்டன் போஸ்ட் ஏலத்துக்கு வந்தபோது யூஜின் மேயர் அதை 8,25,000 டொலருக்கு வாங்கினார். சுன்னாகத்தையும் வாசிங்டனையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனாலும் அச்சிலிருந்து அகலப்பட்டைக்குப் போன குடும்ப நிறுவனம் எப்படிப் போனது, குடாநாட்டுக் குடும்பங்கள் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு மேயர்–கிரகாம் குடும்பத்தின் வரலாறு நல்ல அளவுகோல். இரண்டு வரலாறுகளின் முக்கியத் திருப்பங்களும் காலத்தால் மிக நெருங்கி நிற்கின்றன.

ஈழகேசரி நின்ற மறு ஆண்டே, 1959இல், கே. சி. தங்கராசா, கே. சி. சண்முகரத்தினம் என்ற சகோதரர்கள் யாழ்ப்பாணத்தில் ஈழநாட்டைத் தொடங்கினார்கள். 1961இல் அது நாளிதழானது. கொழும்பில் அச்சாகும் நாளிதழ் இரவு இரயிலில் ஏறி மறுநாள் வந்து சேரும் ஊரில், அதிகாலையிலேயே கையில் கிடைக்கும் உள்ளூர் நாளிதழ் என்பது பெரிய மாற்றம். ஒரு வட்டாரத்தின் வாசகர் வட்டத்தையும் விளம்பரதாரர்களையும் விநியோக வலையையும் ஒரு குடும்பம் தன் கைக்குள் வைத்திருந்த நிலை இக்காலத்தில் உருவானது. கேபிள் தொலைக்காட்சிக்கோ தொலைபேசிக்கோ நகர நினைக்கும் எந்த ஊடக நிறுவனத்துக்கும் இந்த மூன்றுமே மூலதனம்.

எனினும் இலங்கையில் அந்தக் கதவு பூட்டியிருந்தது. தொலைபேசிக் கம்பி அஞ்சல், தொலைத்தொடர்புத் திணைக்களத்தின் சொத்து. வானொலி, 1925இல் கொழும்பில் தொடங்கிய நாள் முதல், அரசின் கையில். அச்சுத்துறைக் குடும்பங்களின் நிலையும் பாதுகாப்பானதாக இல்லை: 1973இல் விஜேவர்தன குடும்பத்தின் லேக் ஹவுஸ் நிறுவனத்தைச் சட்டம் இயற்றி அரசு எடுத்துக்கொண்டது. 1979 ஏப்ரலில் ஷான் விக்கிரமசிங்கவும் அனில் விஜேவர்தனவும் பங்காளிகளாகத் தொடங்கிய நாட்டின் முதல் தொலைக்காட்சி நிலையமான ஐ.டி.என்., இரண்டு மாதம் முடியுமுன் அரசுடைமையானது. ஆளும் வட்டத்துக்கு உறவுக்காரர்களின் கதியே இதுவென்றால், யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று அலைவரிசை கேட்டு விண்ணப்பிப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். தனியார் தொலைக்காட்சிக்கு மீண்டும் வழி திறந்தது 1990களின் தொடக்கத்தில். அப்போது உள்நாட்டுப் போரில் குடாநாடு கொழும்பின் ஆட்சிக்கு வெளியே, பொருளாதாரத் தடைக்குள் இருந்தது.

வானலையில் குடாநாடு கொழும்பைவிடத் தமிழ்நாட்டுக்கே அருகில். 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தின் அலையைப் பிடிக்க உயரமான கம்பங்களில் அன்ரெனாக்கள் கட்டப்பட்டன. தூரதர்ஷன் கடல் கடந்து வீட்டுக்குள் வந்தது. வீடியோ டெக்கும் வாடகைக் கசெற்றும் வைத்து நடத்தப்பட்ட 'மினி சினிமா'க்கள் ஊர்தோறும் இருந்தன. பார்வையாளர் இருந்தார்கள், பணம் கொடுத்துப் பார்க்கும் பழக்கமும் இருந்தது. தமிழ்நாட்டில் இதே வீடியோ வியாபாரத்திலிருந்துதான் ஒரு பேரரசு எழுந்தது: கலாநிதி மாறன் 1990இல் பூமாலை என்ற வீடியோ சஞ்சிகையைத் தொடங்கி, 1993 ஏப்ரல் 14ஆம் திகதி சன் தொலைக்காட்சியை ஏற்றி, பின் சுமங்கலி கேபிள் விஷன் வழியாகச் சென்னை வீடுகளுக்குள் போகும் கம்பியையும் தன் வசமாக்கினார். யாழ்ப்பாணத்தில் அந்த இரண்டாம் படி நடக்கவில்லை.

1981 மே மாத இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைச் சாம்பலாக்கிய அதே வன்முறையில் ஈழநாடு பணிமனையும் எரிக்கப்பட்டது. பத்திரிகை மறுபடி எழுந்தது. ஆனால் புதிய துறையில் இட வேண்டிய முதல் பழைய துறையைத் திருப்பிக் கட்டுவதிலேயே கரைந்தது. 1985 நவம்பரில் ஈ. சரவணபவன் உதயன் நாளிதழைத் தொடங்கினார். இது ஈழநாட்டுக்குப் பின் குடாநாட்டில் நிலைத்த பெரிய குடும்ப நாளிதழ்.

உதயன் வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகாத 1986 ஜனவரியில், மேயரின் மகள் கதரின் கிரகாம் தலைமையிலிருந்த வாசிங்டன் போஸ்ட் கொம்பனி 53 கேபிள் தொகுதிகளை ஏறத்தாழ 35 கோடி டொலருக்கு வாங்கியது. இந்தச் சந்தர்ப்பம் சட்டத்தால் வந்தது. கப்பிட்டல் சிற்றீஸ் நிறுவனம் ஏ.பி.சி. தொலைக்காட்சியை வாங்கியபோது, ஒளிபரப்பு வலையமைப்பு வைத்திருப்பவர் கேபிள் வைத்திருக்கக் கூடாது என்ற அமெரிக்க விதி அதன் குறுக்கே நின்றது. ஆகவே அது தன் கேபிள்களை விற்றுத் தீர வேண்டியிருந்தது. வாங்கியவை பெருநகரத் தொகுதிகளாக இல்லாமல், பெரும்பாலும் நடுமேற்கிலும் தெற்கிலும் உள்ள சிறு நகரங்களின் கம்பிகளாக இருந்தன. சுமார் மூன்றரை இலட்சம் சந்தாதாரர். பத்திரிகை உலகில் இதைப் பெரிய செய்தியாக அப்போது யாரும் எண்ணவில்லை.

அந்தக் கம்பியின் தன்மைதான் பிற்காலத்தைத் தீர்மானித்தது. தொலைபேசிக்கு இழுத்த செப்புக் கம்பி மனிதக் குரலுக்காக அமைந்தது. நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட அதில் தரவின் வேகம் விழும், ஐந்தாறு கிலோமீற்றருக்கு அப்பால் பயன்படாது. தொலைக்காட்சிக்கு இழுத்த இணையச்சு வடம் டசின் கணக்கான அலைவரிசைகளைச் சுமக்கப் பிறந்தது. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை பிடிக்கும் இடம் 6 மெகாஹேர்ட்ஸ். அதில் ஒன்றை ஒதுக்கித் தரவு அனுப்பினால் வினாடிக்கு 30 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும். 1997இல் டொக்சிஸ் என்ற பொதுத் தரம் வெளிவந்ததும் எந்தக் கம்பனியின் மோடமும் எந்தக் கேபிளிலும் ஓடத் தொடங்கியது. புதைத்த வடத்தைத் தோண்டாமலே பழைய தொழிலின் கம்பியில் புதிய தொழில் ஏறிக்கொண்டது. கிரகாம் குடும்பத்தின் கேபிள் பிரிவு கேபிள் வண் என்ற பெயரைப் பெற்றதும் அதே ஆண்டில்தான்.

இதே பத்தாண்டில் குடாநாடு எப்படி இருந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1990 முதல் தேசிய மின்வழங்கல் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டில், யாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு எரிக்கும் 'சிக்கன விளக்கு' வீட்டுக்கு வீடு புழங்கியது. வானொலி கேட்க மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்னை வானொலிக்குக் கொடுத்தார்கள். அச்சுத்தாள் தடைசெய்யப்பட்ட பொருள். உதயன் பாடசாலைக் கொப்பிகளுக்கான கோடிட்ட தாளில்கூட அச்சாகியது. அந்தக் கோடுகளுக்கு மேலே செய்தி ஓடும். முன்பே 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை ஈழமுரசு, முரசொலி ஆகிய பத்திரிகைகளின் அச்சகங்களை வெடிவைத்துத் தகர்த்திருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. ஒரு பத்திரிகை நிறுவனம் நாளைய இதழை அச்சிடுவதையே சாதனையாகக் கொள்ளும் இடத்தில், பத்தாண்டு கழித்து இலாபம் தரும் கம்பியை நிலத்தில் புதைக்க முதல் தேடுவது நடவாத காரியம்.

கொழும்பில் அந்த இடைவெளியில் தொலைத்தொடர்பின் உடைமை மாறிக்கொண்டிருந்தது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் திணைக்களத்தைக் கூட்டுத்தாபனமாக்கி, அனுமதிப்பத்திர முறையைக் கொண்டுவந்தது. 1997இல் ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்.டி.டி. 22.5 கோடி டொலருக்கு வாங்கியது. சன்டெல், லங்கா பெல், டயலொக் போன்ற புதிய நிறுவனங்களுக்கு வெளிநாட்டு முதலீடு வந்தது. அனுமதிப்பத்திரங்களும் பங்குகளும் பகிரப்பட்ட இந்த ஆண்டுகளில் யாழ்ப்பாண முதலாளி எவரும் அந்த மேசையில் உட்கார முடியவில்லை. குடாநாட்டுக்கு அகலப்பட்டை கை நழுவியது இங்கேதான் என்று கொள்ளலாம். வேகம் பிந்தி வந்தது. உடைமை வரவே இல்லை.

2002 போர்நிறுத்தத்தின் பின் கையடக்கத் தொலைபேசி குடாநாட்டுக்கு வந்தது; இணையக் கடைகள் பெருகின. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேச மணித்தியாலக் கட்டணம் கட்டிப் பெற்றோர் காத்திருந்த கூடுகளே பலருக்கு முதல் இணைய அனுபவம். 2003இல் ரெலிகொம் தொலைபேசிக் கம்பியில் ஏ.டி.எஸ்.எல். சேவையைத் தொடங்கியது, ஆனால் குடாநாட்டில் அது பரவலாகப் போர் முடிய வேண்டியிருந்தது. 2006 மே 2ஆம் திகதி உதயன் பணிமனைக்குள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் குடாநாட்டுக்கான தரைவழியான ஏ9 வீதி மூடப்பட்டு, கைபேசிச் சேவைகளும் நிறுத்தப்பட்டன. அச்சுத்தாள் தீர்ந்து பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன.

இந்த வரலாற்றின் விசித்திரமான திருப்பம் கோலாலம்பூரிலிருந்து வருகிறது. யாழ்ப்பாண வழிவந்த குடும்பத்தில் 1938இல் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த ஆனந்த கிருஷ்ணன், 1990களில் மக்சிஸ் என்ற கைபேசி நிறுவனத்தையும், மீசாட் செய்மதியையும், அதில் ஏறிய அஸ்ட்ரோ தொலைக்காட்சியையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கட்டியெழுப்பினார். ஊடகமும் இணைப்பும் ஒரே முதலாளியின் இரு கைகள். அவரது கூட்டத்தைச் சேர்ந்த நிறுவனம் 2008இல் என்.டி.டி.யின் பங்கை வாங்கி, ஸ்ரீலங்கா ரெலிகொமின் 44.98 வீதத்துக்கு உரித்தாளரானது. சுன்னாகத்துச் செப்புக் கம்பியில் யாழ்ப்பாணத்து வம்சாவளி ஒருவருக்குப் பங்கு வந்தது. ஆனால் மலேசியப் பெருமுதலாளியாக, யாழ்ப்பாணத்துக்கு வெளியே சேர்த்த செல்வத்தால். அஸ்ட்ரோ பின்னர் தன் பெயரிலேயே நார் இழை இணைய இணைப்பையும் விற்கத் தொடங்கியது. 2024 நவம்பரில் அவர் மறைந்தார். எதிர்த்திசையில் போனவரும் உண்டு. முல்லைத்தீவில் பிறந்த சுபாஸ்கரன் அல்லிராஜா 2006இல் தொடங்கிய லைக்கா மொபைல், சிம் அட்டை விற்ற வருமானத்தோடு தமிழ்த் திரைப்படத் தயாரிப்புக்குள் நுழைந்தது. இரு வழிகளுக்கும் தொடக்கம் குடாநாட்டுக்கு வெளியேதான்.

2009க்குப் பின் ஏ9 வழியே நார் இழை வந்தது. 2013இல் டயலொக்கும் மொபிடெலும் நாட்டில் நான்காம் தலைமுறைச் சேவையைத் தொடங்க, யாழ்ப்பாண வீடுகளில் ரவுட்டர் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இடம்பிடித்தது. கம்பித் தொலைக்காட்சி நடத்தும் உள்ளூர் நிறுவனங்களும் தோன்றி, மின்கம்பங்களிலும் தம் கம்பங்களிலும் வடம் இழுத்தன. செய்தித்தாளை நடத்திய குடும்பங்கள் இவற்றின் முன்னணியில் இருக்கவில்லை. அவற்றுக்குக் கிடைத்தது இணையத்தளம். உதயனின் செய்தி இன்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் அச்சுப்பிரதிக்கு முன்பே படிக்கப்படுகிறது, ஆனால் அந்த வாசகர் கட்டும் மாதாந்த இணைப்புக் கட்டணம் பெல், ஒரேஞ்ச் போன்றவற்றுக்கே போகிறது. 2013 ஏப்ரலில் உதயனின் அச்சு இயந்திரம் மீண்டும் எரிக்கப்பட்டது. 2019இல் யாழ். மாநகரில் 'ஸ்மார்ட்' விளக்குக் கம்பங்கள் நடப்பட்டபோது ஐந்தாம் தலைமுறைக் கதிர்வீச்சு அச்சத்தில் மக்கள் எதிர்த்தார்கள்; கம்பம் யாருடையது, அதன் வருமானம் எங்கே போகிறது என்ற கேள்வி அந்த இரைச்சலில் பின்னுக்குப் போனது.

2013ஆம் ஆண்டு மறு பக்கத்திலும் தீர்க்கமானது. அந்த ஓகஸ்டில் கதரினின் மகன் டொனால்ட் கிரகாம், எண்பது ஆண்டு குடும்பச் சொத்தான வாசிங்டன் போஸ்டை ஜெஃப் பெசோஸுக்கு 25 கோடி டொலருக்கு விற்பதாக அறிவித்தார். கேபிளை விற்கவில்லை. பத்திரிகையைவிடக் கூடுதல் விலை கொடுத்து 1986இல் வாங்கிய கம்பிதான் மிஞ்சியது. அதே காலத்தில் கேபிள் வண் தொலைக்காட்சி வாடிக்கையாளரைத் துரத்துவதை விட்டு அகலப்பட்டையை முதன்மையாக்கியது. அலைவரிசைக் கட்டணம் ஏற்றிய வியாகொமின் அலைவரிசைகளை 2014 ஏப்ரலில் மொத்தமாக நீக்கியது. 2015 யூலை 1ஆம் திகதி தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்து தனியாகப் பங்குச் சந்தைக்கு வந்தது; 2019இல் ஸ்பார்க்லைற் என்ற வணிகப் பெயரை ஏற்றது. இன்று நார் இழையும் கம்பியில்லா வீட்டு இணைப்பும் அதன் வாடிக்கையாளரைப் பறிக்கின்றன. அந்த மாற்றமும் முடிந்த கதை அல்ல.

யாழ்ப்பாணத்தில் ஈழகேசரி, ஈழநாடு இதழ்கள் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் எண்ணிமத் தொகுப்பால் ஆய்வாளரின் கணினிக்கு வந்துவிட்டன. மினி சினிமா உரிமையாளரின் கணக்குக் கொப்பி, இணையக் கடையின் கட்டணப் பலகை, முதல் கேபிள் இணைப்பின் பற்றுச்சீட்டு ஆகியவற்றுக்கு அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் பழைய கடதாசியென்று எரிக்காமல் நூலகங்களுக்குக் கொடுத்துதவ வேண்டும்.