பான்கேக்கை உப்ப வெச்சது யாரு?

பான்கேக்னா நம்ம ஆளுங்க பல பேருக்கு 'இனிப்பு ஊத்தப்பம்'. பேச்சுக்குச் சரி. ஆனா உள்ளே நடக்குற சமாச்சாரமே வேற. ஊத்தப்பத்துக்கு முதல் நாளே மாவரைச்சு வைக்கணும், நுண்ணுயிர்கள் எல்லாம் நைட் ஷிஃப்ட் பாத்தாத்தான் காலையில மாவு பொங்கும். அமெரிக்க பான்கேக்குக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. கலக்கின பத்தாவது நிமிஷம் கல்லுல ஊத்தலாம். இந்த அவசரக் காத்து எங்கேர்ந்து வந்துச்சுன்னு நோண்டினேன். அடுப்புச் சாம்பல்ல ஆரம்பிச்ச கதை, சிகாகோவுல பேரில்லாத ஒரு கல்லறையில போய் நின்னுச்சு.

சாம்பல்னு சொன்னது நிஜமாவே சாம்பல்தான். மரச் சாம்பலைத் தண்ணியில ஊற வெச்சு, வடிச்சு, காய்ச்சி எடுக்குற வெள்ளைப் பொடிக்கு 'பேர்ல் ஆஷ்'னு பேரு. புளிச்ச மோர் மாதிரி ஏதாவது புளிப்பு இதுகூடச் சேர்ந்தா கரியமில வாயு வரும், மாவு உப்பும். அமெரிக்காவோட முதல் பேடன்ட்டே இதைத் தயாரிக்கிற முறைக்குத்தான். வருஷம் 1790, வாங்கினவர் சாமுவேல் ஹாப்கின்ஸ், கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன்! 1796-ல அமெலியா சிம்மன்ஸ் போட்ட 'அமெரிக்கன் குக்கரி' புத்தகத்துலயும் இந்தப் பொடி வருது. கொஞ்சம் கூடிப்போனா கசக்கும், சோப்பு வாடை அடிக்கும்.

அடுத்த கட்டம் பேக்கிங் பவுடர். இங்கிலாந்துல பர்மிங்காம் நகரத்துல ஆல்ஃபிரட் பேர்ட்னு ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்காது. அவங்களுக்காகவே 1843-ல ஈஸ்ட் இல்லாம உப்ப வைக்கிற பொடியைச் செஞ்சார். (கஸ்டர்ட் பவுடரும் இவர் கைவண்ணம்தான். அந்தம்மாவுக்கு முட்டையும் ஆகாது. பொண்டாட்டிக்காக இவ்ளோ மெனக்கெட்ட ஆளை தங்கமணி கண்ணுல காட்டிடாதீங்க :-)) அமெரிக்காவுல ஹார்வர்ட் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்ட், விலைமலிவான பாஸ்பேட் புளிப்புக்கு 1856-ல பேடன்ட் வாங்கினார். அப்புறம் மோர் புளிச்சிருக்கான்னு மோந்து பாக்குற வேலையும் போச்சு. புளிப்பும் சோடாவும் ஒரே டப்பாவுல.

பான்கேக்ல விழற ப்ளூபெர்ரியும் ரொம்ப காலம் காட்டுப் பழம்தான். நியூ ஜெர்சியில எலிசபெத் வைட்டுங்கிற பண்ணைக்காரம்மாவும், அரசு தாவரவியலாளர் ஃப்ரெடெரிக் கோவிலும் 1911-லேர்ந்து சேர்ந்து வேலை பாத்தாங்க. காட்டுல பெரிய பழம் காய்க்கிற செடியைக் காட்டினா காசுன்னு அந்தம்மா சொல்லிவெச்சாங்க. செடிக்குக் கண்டுபிடிச்சவர் பேரையே வெச்சாங்க. ரூப் லீக் காட்டின செடிதான் 'ரூபெல்'. 1916-ல முதல் விளைச்சல் சந்தைக்குப் போச்சு. ரூபெல் இன்னைக்கும் பயிராகுது.

இனிமே வர்ற பேரு அப்படி நிலைக்கலை.

1889-ல மிசௌரி மாநிலத்துல செயின்ட் ஜோசப் ஊர்ல, பேர்ல் மில்லிங் கம்பெனி வெச்சிருந்த ரெண்டு பேர் பான்கேக் ரெடி மிக்ஸ் கொண்டு வந்தாங்க. மாவோட உப்பு, உப்ப வைக்கிற பொடி எல்லாம் கலந்த பாக்கெட், அவ்ளோதான் ரகசியம். யாரு வேணா கலக்கலாம். அப்ப எதைக் காட்டி விக்கிறது? வெள்ளைக்காரங்க முகத்துல கரியைப் பூசிக்கிட்டு ஆடின மேடைக் கூத்துலேர்ந்து 'ஆன்ட் ஜெமைமா'ங்கிற பேரை எடுத்தாங்க. கம்பெனி கைமாறின பிறகு, கென்டக்கியில அடிமையா பொறந்த நான்சி கிரீனை அந்த வேஷத்துக்கு வேலைக்கு எடுத்தாங்க. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில அவங்க பான்கேக் சுட்டுக்கிட்டே, பழைய பண்ணை வாழ்க்கை எவ்ளோ இனிமைன்னு கதை சொல்லணும். அடிமையா இருந்தவங்க வாயாலயே!

அவங்க இதுல பெரிய பணக்காரி ஆயிட்டாங்கன்னு ஒரு கதை ரொம்ப நாளா ஓடுது. ஆனா 1910 மக்கள்தொகைக் கணக்குல, எழுபது வயசு தாண்டியும், அவங்க தொழில் வீட்டு வேலை. 1923-ல சிகாகோவுல கார் மோதி இறந்தாங்க. கல்லறையில பேர் பொறிச்ச கல்லு வந்தது 2020-ல. அதே வருஷம்தான் கம்பெனியும் அந்தப் பேரைக் கைவிடுறதா அறிவிச்சது. 2021-ல பாக்கெட்ல பழையபடி 'பேர்ல் மில்லிங் கம்பெனி' வந்துச்சு.

பாக்கெட்ல உப்பினது பேக்கிங் பவுடரால. ஆனா வித்தது, 'உங்க வீட்டு அடுப்படியிலயும் உங்களுக்காக ஒருத்தி நிக்கிறா'ங்கிற நினைப்பு. அந்த நினைப்புக்கு முகம் குடுத்தவங்களுக்கு ஒரு கல்லு வைக்க 97 வருஷம் ஆயிருக்கு.

கொசுறு: பாக்கெட் இல்லாம எங்க வீட்டுல செய்யற அளவு இது. மைதா 1 கப், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. தனியா 1 முட்டை, முக்கால் கப் பால், உருக்கின வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். ரெண்டையும் சேர்த்து லேசா கலக்குங்க. கட்டி இருந்தா பரவாயில்லை, அடிச்சுக் கலக்கினா ரப்பர் மாதிரி ஆயிடும். மிதமான தீயில ஊத்தி, மேலே ப்ளூபெர்ரியோ வாழைப்பழத் துண்டோ தூவுங்க. குமிழி வெடிச்சதும் ஒரே தடவை திருப்புங்க. தோசைக்கரண்டியால அமுக்காதீங்க, இவ்ளோ வரலாறு பேசி உள்ளே ஏத்தின காத்து போயிடும் :-)