எழுபதுக்குத் தொண்ணூறு: திருவொற்றியூர் புல்லட்டின் கார்பரேட்டர் வாயளவு, 1956–2020

ராயல் என்ஃபீல்டு 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி. 1956இல் திருவொற்றியூர் ஆலை திறந்தபோது இருந்த இந்த மூன்று எண்களும் 2020இலும் அப்படியே இருந்தன. இடையில் வார்ப்பிரும்பு சிலிண்டர் போய் அலுமினியம் வந்தது. தனியாக இருந்த கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. வலது காலில் இருந்த கியர் இடது காலுக்கு மாறியது. காற்றுக்கான வழியும் மாறியது: 24 மி.மீ. வாய் கொண்ட கார்பரேட்டர் இருந்த இடத்தில் 29 மி.மீ. வாய் வந்து உட்கார்ந்தது. விட்டத்தில் 5 மி.மீ. என்றால் அற்பமாகத் தெரியும். பரப்பில் அது 46 சதவீதம் கூடுதல். வயிறு அதே அளவு இருக்க, வாய் மட்டும் ஏன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது? இக்கட்டுரை துருவுவது இதைத்தான். விடை கிடைத்தால் அது புல்லட்டோடு நிற்காது. புல்வெட்டி எஞ்சினைக் கழற்றி மாதிரி விமானத்தில் மாட்டுகிறவருக்கும் உதவும்.

வடசென்னையில் எஞ்சின் என்ற சொல் பெரும்பாலும் டீசலைக் குறிக்கும். எண்ணூரில் அசோக் லேலண்டின் லாரி எஞ்சின், காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் இரண்டிலும் எரிபொருளை அளந்து அழுத்தித் தள்ளுவது பம்பு. கார்பரேட்டரில் தள்ளுவதற்கு ஆள் கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது காற்று இழுபடுகிறது. குறுகலான இடத்தைக் கடக்கையில் வேகமெடுக்கிறது. வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு கீழே மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஜெட் வழியாக உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. ஆக வாயளவுக்கு ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு வேலைகள். உச்ச வேகத்தில் காற்றைத் தடுக்காத அளவு அகலமாக இருக்க வேண்டும். மெதுவாக ஓடும்போது பெட்ரோலை இழுக்கும் அளவு குறுகலாகவும் இருக்க வேண்டும். கார்பரேட்டரின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த பேரம்தான்.

இந்தியப் படைக்கென புல்லட்டுகள் இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில், 1955இல், மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டும் வேலை. 1957இல் வார்ப்புகளும் கருவிகளும் வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் உள்நாட்டிலேயே தயாராயின. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி முற்றாக நின்றது, திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977இல் வண்டி அந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

ரெட்டிச் வண்டிகளின் கார்பரேட்டர் பர்மிங்காமின் அமால். இது ஊரின் பெயரோ ஆளின் பெயரோ இல்லை. 1920களின் கடைசியில் சில கார்பரேட்டர் கம்பெனிகள் ஒன்றாக இணைந்ததால் உண்டான சுருக்கப் பெயர். 1950களின் நடுவில் வந்த அமால் மோனோபிளாக் வாயளவை அங்குலப் பின்னத்தில் சொல்லும். அதன் 376 வரிசை 15/16 அங்குலத்தில் தொடங்கி 1 1/16 வரை போகிறது. 15/16 அங்குலத்தை மில்லிமீட்டரில் போட்டால் 23.8. பின்னாளில் திருவொற்றியூர் 350இல் நிலைத்த மிக்கார்ப் கார்பரேட்டர், ஜப்பானின் மிகுனி விஎம் வடிவத்தை ஒட்டி இந்தியாவில் செய்யப்பட்டது, வாய் 24. கம்பெனி மாறியது, நாடு மாறியது, அங்குலம் மில்லிமீட்டரானது, ஓட்டை மட்டும் நகரவில்லை என்றே படுகிறது. வெறும் பழக்கத்தால் நகராமல் இருந்ததா, காரணத்தோடா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வார்ப்பிரும்பு 350 எஞ்சின் 18 குதிரைத்திறன் தருவது 5,625 ஆர்பிஎம்மில். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சு. சிலிண்டர் முழுதாக நிறைகிறது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஏறத்தாழ 16.2 லிட்டர் காற்று. 24 மி.மீ. வாயின் பரப்பு 452 சதுர மி.மீ. சராசரி வேகம் நொடிக்கு 36 மீட்டர். உண்மையில் காற்று உள்ளே போவது நான்கில் ஒரு ஸ்ட்ரோக்கில் மட்டுமே என்பதால் உச்ச வேகம் இதைப்போல நான்கு மடங்குக்கும் மேல் இருக்கும். ஆனால் எஞ்சினுக்கு எஞ்சின் ஒப்பிடச் சராசரி போதும்.

இதே அளவுகோலை 500 புல்லட்டில் வைத்துப் பார்த்தேன். 84க்கு 90, 499 சிசி, 5,400 ஆர்பிஎம்மில் 22 குதிரைத்திறன், மிக்கார்ப் 28 மி.மீ. நொடிக்கு 22.5 லிட்டர் காற்று, வேகம் 36.5 மீட்டர். கையில் இருந்த கால்குலேட்டர் மேல் சந்தேகம் வந்து மறுபடியும் போட்டேன், அதே விடை. 24 வாய் கொண்ட 350ஐ வைத்து 500க்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டால் 28.2 வருகிறது. 28ஐத் தேர்ந்தவர்கள் இந்தச் சூத்திரத்தைத்தான் போட்டார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் 24 மூக்கால் மோப்பம் பிடித்து வைத்த எண் அல்ல என்பது தெளிவு.

இந்த 36 மீட்டர் ஏன் பொருந்துகிறது என்பது அடிவேகத்தில் விளங்கும். 350இல் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி, எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் திணறி ஏறும் நிலையை எடுத்துக்கொள்வோம்: மேம்பாலம், பின்னால் ஆள், நாலாவது கியர். காற்றின் வேகம் 12.7 மீட்டராகச் சரிகிறது. உறிஞ்சும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது எட்டில் ஒரு பங்காகிறது. அந்த எட்டில் ஒன்றை வைத்துத்தான் பெட்ரோல் மேலே வர வேண்டும். இதே 350இல் 500இன் 28ஐ மாட்டினால் அந்த மிச்சமும் 54 சதவீதமாகச் சுருங்கும்.

ராயபுரத்தில் ஒரு பழைய ஒர்க்‌ஷாப்பில் இதை எண் இல்லாமலே கேட்டேன். மெக்கானிக் மிக்கார்ப்பின் ஸ்லைடை, அதாவது வாயைத் திறந்து மூடும் உருளையை, உருவி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எஞ்சின் பக்கம் பார்த்த முகத்தில், பல வருடம் உரசியதால், மேல் பூச்சு போய் மஞ்சளாகக் கோடு விழுந்திருந்தது. “பெர்சா போட்டா நெறய இஸ்துக்கும்னு பசங்க வராங்கோ சார். இஸ்துக்கும், ஆனா காத்ததான் இஸ்துக்கும். பெட்ரோலு வர்றதுக்குள்ள வண்டி ஒரு தபா செத்துப் பொழைக்கும்.” கழற்றி வைத்திருந்த பிளக்கின் நுனி கரியாக இருந்தது. அடிவேகத்தில் தடுமாறுவதைச் சரிக்கட்ட யாரோ பெரிய மெயின் ஜெட்டைப் போட்டு, மேல்வேகத்தில் பெட்ரோலை மிகுதியாக்கியிருக்கிறார்கள். வாயளவில் செய்த தவறை ஜெட்டால் அடைக்கப் பார்ப்பது எங்கும் நடப்பதுதான்.

அப்படியிருக்க 2008–09இல் வந்த, கியர்பாக்ஸோடு ஒட்டிய யுசிஇ எஞ்சின், அதே 70க்கு 90, எப்படி 29ஐத் தாங்கியது? சாதாரண ஸ்லைடு என்றால் 24இன் உறிஞ்சலில் 47 சதவீதம்தான் மிஞ்சும். இங்கேதான் வரலாறு திரும்புகிறது. யுசிஇயில் இருந்தது கான்ஸ்டன்ட் வேக்குவம் கார்பரேட்டர். மிக்கார்ப்பில் கேபிள் நேராக ஸ்லைடையே தூக்கும். ஓட்டுகிறவன் பேராசைப்பட்டால் வாய் பிளந்துவிடும். வேக்குவம் கார்பரேட்டரில் கை திறப்பது ஒரு தட்டு வால்வை மட்டும். ஸ்லைடை, ரப்பர் டயாபிரம் ஒன்றின் வழியாக, எஞ்சினின் உறிஞ்சலே தூக்குகிறது. காற்று குறைவாக இருந்தால் ஸ்லைடு தாழ்ந்து வாயைத் தானே சுருக்கிக்கொள்ளும். 29 என்பது நிரந்தர வாயளவு அல்ல, உச்சவரம்பு. அழுத்த விகிதமும் 6.5இலிருந்து 8.5க்கு ஏறி, திறன் 5,250 ஆர்பிஎம்மில் 19.8 ஆனது. கவனித்தால் உச்ச ஆர்பிஎம் குறைந்திருக்கிறது. சராசரி வேகம் 29 வாயில் 23 மீட்டர்தான். பழைய பேரத்தில் மனிதன் ஒருமுறை தீர்மானித்துப் பூட்டிய எண்ணை, இனி எஞ்சினே நொடிக்கு நொடி தீர்மானித்தது.

மாதிரி விமானத்துக்கு வருவோம். புல்வெட்டியிலிருந்து எடுத்த 26 சிசி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், 8,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். இது சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுக்கும், நொடிக்கு 3.5 லிட்டர். திருவொற்றியூரின் 36 மீட்டரை அப்படியே போட்டால் வாயளவு 11 மி.மீ. வருகிறது. தொடக்கத்துக்கு நல்ல எண். ஆனால் முடிவான எண் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் விமானத்துக்கு மேம்பாலம் கிடையாது. புரொபெல்லரின் சுமை ஆர்பிஎம்மின் மூன்றடுக்கைப் பொறுத்தது. பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்கு திறன்தான் கேட்கும். முழுத் திறப்பில் அடிவேகத்தில் திணறும் நிலை அங்கே நீடிப்பதே இல்லை. ஐட்லிங்கிலிருந்து சட்டென்று திறக்கும் அந்த ஒரு கணம் தவிர. இறங்கப் போன விமானத்தை மறுபடி மேலே தூக்க வேண்டிய கணமும் அதுதான். மேல்வேகத்தை மட்டும் பார்ப்பவர் 11ஐக் கொஞ்சம் தாண்டலாம். பத்திரமாக இறக்க விரும்புகிறவர் தாண்டாமல் இருப்பது நல்லது.

இன்னொரு வேறுபாடு, புல்லட் மெக்கானிக்குக்குத் தோன்றாதது: மிதவைக் கிண்ணம் தலைகீழாக வேலை செய்யாது. 1940இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானிகள் மூக்கைத் தாழ்த்திச் சட்டென்று பாய்ந்தால் மெர்லின் எஞ்சின் திணறி அணைந்தது. பெட்ரோல் கிண்ணத்தின் மேற்புறத்துக்கு எகிறியதே காரணம். ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், துளையிட்ட சின்னஞ்சிறு பித்தளைத் தடுப்பு ஒன்றை எரிபொருள் வழியில் வைத்து 1941இல் அதைப் பெருமளவு அடக்கினார். ஓய்வு நேரத்தில் அவர் நார்ட்டன் பைக்கில் பந்தயம் ஓட்டியவர் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. புல்வெட்டி கார்பரேட்டர் அந்தச் சிக்கலைக் கிண்ணத்தையே ஒழித்துத் தீர்த்தது. கிராங்க் அறையின் துடிப்பில் அசையும் டயாபிரம் பெட்ரோலை இழுத்துத் தரும், கவிழ்த்தாலும் ஓடும். கிண்ணமும் பம்பும் இல்லாத பழைய மாதிரி எஞ்சின்களில் தொட்டியிலிருந்து எரிபொருளை வாயே உறிஞ்சி எடுக்க வேண்டும். அங்கே 36 மீட்டர் போதாது, வாய் இன்னும் குறுக வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதி. 346 சிசி புல்லட் எரிபொருள் உட்செலுத்தலுக்கு மாறியது. பெட்ரோலை இழுக்கும் வேலை காற்றிடமிருந்து போய் மின்பம்பிடம் சேர்ந்தது. திராட்டில் வாய்க்கு இருந்த இரண்டு வேலைகளில் ஒன்று கழன்றது. அப்போதும் சிலிண்டர் 70க்கு 90தான். ராயபுரம் ஒர்க்‌ஷாப்பில் மிக்கார்ப் ஜெட்டுகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. எண் தேய்ந்துபோனவற்றை மெக்கானிக் கண்ணருகே வைத்து, ஓட்டை வழியாக டியூப்லைட்டைப் பார்த்தே அளவு சொல்கிறார்.