கெர்னலை விட்டு வெளியே வந்த டிரைவர்கள்

ஆபரேட்டிங் சிஸ்டம் வகுப்பில் மினிக்ஸைத் தொடாமல் நான் பாடத்தை முடிப்பதில்லை. நெட்வொர்க் கார்டின் டிரைவரில் ஒரு பிழை இருந்தால் முழு கம்ப்யூட்டரும் ஏன் படுத்துவிட வேண்டும் என்ற கேள்விக்கு, ஓட்டிப் பார்க்கக்கூடிய பதில் அதில் இருக்கிறது.

யூனிக்ஸின் 7-ஆம் பதிப்பு 1979-இல் வந்தபோது, அதன் மூலநிரலை வகுப்பில் நடத்த ஏடி அண்ட் டி நிறுவனம் தடை போட்டது. ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்காகத் தானே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதினார். 1987-இல் பாடநூலோடு மினிக்ஸ் வெளிவந்தது. ஃபைல் நிர்வாகமும் மெமரி நிர்வாகமும் அதில் தனித்தனி புராசஸ்கள். டிரைவர்கள் மட்டும் இன்னும் கெர்னலோடு ஒட்டியே இருந்தன.

எல்லாவற்றையும் கெர்னலுக்குள் வைத்த லினக்ஸைப் பின்னோக்கிய அடி என்று 1992-இல் டானன்பாம் சொன்னார். லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் சூடாகவே பதில் கொடுத்தார். உலகம் லினக்ஸ் பக்கம் போனது.

2005-இல் வந்த மினிக்ஸ் 3-இல்தான் டிரைவர்கள் சாதாரண புராசஸ்கள் ஆயின. எந்த டிரைவரும் தானாக ஐ/ஓ போர்ட்டைத் தொட முடியாது. கெர்னலிடம் கேட்க வேண்டும். அது அந்த டிரைவருக்கு அனுமதிக்கப்பட்ட போர்ட் இல்லையென்றால் கெர்னல் மறுத்துவிடும். இவற்றைக் கண்காணிக்க ரீஇன்கார்னேஷன் சர்வர் என்றொரு புராசஸ் உண்டு. ஒரு டிரைவர் செத்தாலோ, விசாரிப்புக்குப் பதில் தராமல் தொங்கினாலோ, அதை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிளப்பும்.

மினிக்ஸ் 3-ஐ உருவாக்கிய குழுவின் ஜோரிட் ஹெர்டரும் சகாக்களும் இதைக் கடுமையாகவே சோதித்தார்கள். 512 எம்பி ஃபைல் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே, சில விநாடிக்கொரு முறை ஈதர்நெட் டிரைவரைக் கொன்றார்கள். ஒவ்வொரு முறையும் புது டிரைவர் எழுந்தது. தவறிய பாக்கெட்டுகளை டிசிபி மறுபடி வாங்கிக்கொண்டது. ஃபைல் ஒரு பைட் பிசகாமல் வந்து சேர்ந்தது. டிஸ்க் டிரைவர் செத்தால்? அதைத் திரும்ப ஏற்ற டிஸ்க்கையே படிக்க முடியாதே. அதற்காக அதன் நகலை முன்கூட்டியே ரேமில் வைத்திருந்தார்கள். இந்த முன்யோசனையைச் சொல்லும்போது எனக்கு இன்றும் உற்சாகம் குறைவதில்லை.

ஒவ்வொரு வேலைக்கும் புராசஸ்களுக்கிடையே மெசேஜ் போய்வர வேண்டியிருப்பதால் வேகம் கொஞ்சம் குறையும். அந்த விலை நியாயமானது என்பதே என் கருத்து. வகுப்பறைக்கு வெளியேயும் மினிக்ஸ் போயிருக்கிறது: இன்டெல் சிப்செட்டுகளின் மேனேஜ்மென்ட் எஞ்சினுக்குள் அது ஓடுவது 2017-இல் தெரியவந்தது.

மாணவர்களே, 2000-இலிருந்தே மினிக்ஸ் பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கிறது. இறக்கிக்கொள்ளுங்கள், டிரைவர் ஒன்றை நீங்களே கொன்று பாருங்கள்.