வேதாகமத் தமிழும் விசுவாச உறுதியும்

சமய நூலொன்றைப் பிறிதொரு மொழியிற் பெயர்த்தல் ஏனைய நூல்களைப் பெயர்த்தல் போன்றதன்று. கணித நூலில் ஒரு சொல் மாறினால் அதனைக் கற்போன் புதுச் சொல்லைப் பழகிக்கொள்வான். பக்தியோடு ஓதப்படும் நூலில் ஒரு சொல் மாறினாலோ, ஓதுவோன் தன் சமயமே அசைக்கப்பட்டதாக உணர்வான். இவ்வுண்மையை விளக்குதற்குக் கிறிஸ்தவ வேதாகமம் தமிழில் பெயர்க்கப்பட்ட வரலாற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்கு வேறில்லை. அவ்வரலாற்றின் முக்கியமானதோர் அத்தியாயம் யாழ்ப்பாணத்திலேயே நிகழ்ந்ததாதலின், அதனை ஆராய்தல் நமக்குப் பெரிதும் ஏற்புடைத்து.

மொழிபெயர்ப்புப் பற்றிய பூசல் தமிழருக்கு மட்டும் உரியதன்று. கி.பி. 403 ஆம் ஆண்டளவில் வட ஆபிரிக்காவிலுள்ள ஓயா என்னும் பட்டினத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை அகுஸ்தீன் முனிவர், ஜெரோம் முனிவருக்கு எழுதிய கடிதமொன்றிற் குறிப்பிடுகின்றார். யோனா தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த செடியைப் பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பு சுரைக்கொடி என்றது. எபிரேய மூலத்தை நேரே நோக்கிய ஜெரோம் அதனைப் பிறிதொரு கொடியின் பெயராற் குறித்தார். அவ்வூர் ஆயர் புதிய மொழிபெயர்ப்பை வாசித்தபொழுது சபையார் கொதித்தெழுந்தனர். தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சொல்லை மாற்றுதற்கு இவர் யார் என்று வினவினர். ஆயர் பழைய சொல்லுக்கு மீளாவிடின் சபையையே இழந்திருப்பார். தமிழ் வேதாகமத்தில் அச்செடி ஆமணக்காயிற்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரு செடியின் பெயர் யாருடைய முத்திக்கும் இன்றியமையாததன்று. ஆயினும் அச்சபையார் அற்பத்துக்காகப் பூசலிட்டனர் என்று நாம் இகழ்தல் பொருந்தாது. அவர்தம் விசுவாசம் செவிவழி வந்தது. செவியிற் பதிந்த சொல்லே அவர்க்கு வேதமாயிற்று.

தரங்கம்பாடித் தொண்டு

தமிழில் வேதாகமத்தைப் பெயர்க்கும் பணியில் முன்னின்றவர் ஜேர்மனி தேசத்தவராகிய சீகன்பால்கு என்பவர். டென்மார்க்கு மன்னரின் ஆதரவில் 1706 ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர், 1708 இல் புதிய ஏற்பாட்டைப் பெயர்க்கத் தொடங்கினார். தொடங்கிய சில வாரங்களில் டேனிஷ் கோட்டைத் தலைவனின் சினத்துக்கு ஆளாகி, ஏறக்குறைய நான்கு மாதங்கள் சிறையிருந்தார். சிறை மீண்டபின் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்து 1711 இல் நிறைவேற்றினார். அச்சியந்திரம் இங்கிலாந்திலிருந்தும் தமிழ் எழுத்துக்கள் ஜேர்மனியின் ஹாலே நகரிலிருந்தும் வந்தன. 1714-15 ஆம் ஆண்டுகளில் நூல் அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத் என்னும் ஆகமம் வரையிற் பெயர்த்த நிலையில், 1719 இல், 36 ஆம் வயதில் அவர் மறைந்தார். எஞ்சியதை அவர்பின் வந்த சூல்சு என்பவர் முடித்து, 1728 இல் அச்சேற்றி நிறைவுசெய்தார்.

இத்துணை இன்னல்களுக்கிடையே பிறந்த நூலுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு ஏளனமே. கத்தோலிக்கத் துறவியாகிய வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரின் தமிழைத் தமது 'வேத விளக்கம்' என்னும் நூலிற் கடுமையாக எள்ளினார். சமயப் பிரிவு காரணமாக அவரது சினம் மிகுந்திருக்கலாம். எனினும் தமிழ் வழு பற்றி அவர் கூறியவை முற்றும் பொய்யல்ல. பொருள் பிழையாமையே தலையாயது என்று ஒரு சாராரும், மொழி சிதையின் பொருளும் இழிவுறும் என்று மறுசாராரும் கொண்ட மாறுபாடு அன்று தொடங்கியது. அது பின்னும் ஓயவில்லை.

இலங்கையிலும் அக்காலத்தே இப்பணி நடைபெற்றது. ஒல்லாந்தர் ஆட்சியிற் சீர்திருத்தத் திருச்சபையின் குருவாக விளங்கிய பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழறிஞரின் புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பில் அச்சிடப்பட்டது. எனினும் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியபின் அது நிலைபெற்று வழங்கவில்லை.

நிலைபெற்றது பப்ரிசியஸ் என்பவரின் மொழிபெயர்ப்பே. 1740 இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னையிற் பல்லாண்டு உழைத்த அவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் கற்றோர்க்கும் கல்லாதார்க்கும் வாசித்துக் காட்டி, அவர் செவிக்கு ஏற்குமாறு திருத்தினார் என்பர். ஆங்கிலேயர் புதுச்சேரியிற் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய அச்சியந்திரமே சென்னை வேப்பேரியில் அவருக்கு உதவிற்று. அவரது புதிய ஏற்பாடு 1772 இல் வெளிவந்தது. முதுமையிற் கடன் தொல்லைக்காளாகிச் சிறையும் புகுந்த அவர் 1791 இல் மறைந்தார். அதன் பின்னரே பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறி முடிந்தது. இறைவனைக் குறிக்க அவர் ஆண்ட 'பராபரன்' என்னும் சொல்லில் இரண்டு மூன்று தலைமுறையினர் செபித்தனர். அச்சொல்லைக் கேட்டுக்கொண்டே கண்மூடினர். ஆகவே அவரது நடையிலுள்ள வழுக்களும் வழிபாட்டின் மணம் பெற்றுவிட்டன.

யாழ்ப்பாணத்து முயற்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புதிய முயற்சிகள் எழுந்தன. திருநெல்வேலியிற் பணியாற்றிய இறேனியுஸ் என்பவர், சொல்லுக்குச் சொல் பெயர்த்தலை விடுத்துத் தமிழ் மரபுக்கியையப் பொருளைத் தருதலே முறையெனக் கொண்டார். அவரது புதிய ஏற்பாடு 1833 இல் வெளியாயிற்று. அது எளிமையும் ஓட்டமும் உடையதெனச் சிலர் போற்றினர். மூலத்தை விட்டு விலகியதெனச் சிலர் மறுத்தனர். பப்ரிசியஸ் தமிழிற் பழகிய தஞ்சைப் பகுதிச் சபையார் அதனை ஏலாதொழிந்தனர். இவ்வாறு ஒரே சமயத்தார் ஊருக்கொரு வேதாகமம் வைத்திருக்கும் நிலை உண்டாகலாயிற்று. இந்நிலையை நீக்குதற்கு எல்லார்க்கும் பொதுவானதொரு மொழிபெயர்ப்பு வேண்டப்பட்டது. அப்பொறுப்பு யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது.

யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் அதன் தலைமை மொழிபெயர்ப்பாளராயினார். 1842 இல் தமிழ்ப் பழமொழித் தொகுதியொன்றை வெளியிட்ட அவர் தமிழ் வழக்கை நன்கறிந்தவர். அவருக்கு உறுதுணையாக அமைந்தவர், அவரது பாடசாலையிற் கற்று அங்கேயே ஆசிரியராயிருந்த நல்லூர் ஆறுமுகம்பிள்ளை. இவரே பின்னாளில் நாவலர் எனப் புகழ்பெற்றவர். 1822 இற் பிறந்த அவர் இப்பணியிற் சேர்ந்தபொழுது இருபது வயதளவினர். இம்மொழிபெயர்ப்பை முழுவதும் நாவலரே செய்தார் என்று நம்மவருட் பலர் கூறுவர். அது மிகையாகும். மூல மொழிகளை நோக்கிப் பொருள் துணியும் பொறுப்பு பேர்சிவலுக்கும், அவரோடு ஆராய்ந்த ஏனைய பாதிரிமாருக்கும் உரியது. தமிழ் வசனத்தை வழுவின்றி அமைத்தலே ஆறுமுகம்பிள்ளையின் பங்கு. அதுவே ஒருவர்க்குப் போதிய பெருமையன்றோ?

இங்கு உறுதி என்பதன் மற்றொரு வடிவத்தைக் காண்கின்றோம். பிற சமய வேதத்தை ஆண்டுக் கணக்காக வரிவரியாகப் பரிசீலித்த அவ்விளைஞர், தம் சமயத்தினின்றும் சிறிதும் பெயர்ந்தாரல்லர். 1847 டிசெம்பர் 31 ஆம் நாள் வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தமது சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அப்பொழுதும் அவர் பேர்சிவலின் துணைவராகவே இருந்தார். பகலில் வேதாகமத்தின் தமிழைத் திருத்தியவர், வெள்ளிதோறும் சிவபெருமான் சந்நிதியிற் சைவம் போதித்தார். இதனை முரண்பாடு என்று கூறுதல் பொருந்தாது. தம் சமயத்தில் ஐயமற நின்றமையினாலேயே பிறர் நூலுக்கும் வஞ்சனையின்றி உழைக்க அவரால் இயன்றது. மாற்றுச் சமயத்தவரென்று அறிந்தும் அவரை நம்பித் தம் வேதத்தின் தமிழை ஒப்படைத்த பேர்சிவலின் பெருந்தன்மையும் மறக்கற்பாலதன்று.

மொழிபெயர்ப்பைச் சென்னை அறிஞர்க்குக் காட்டுதற்காக இருவரும் அந்நகர் சென்றனர் என்றும், அங்கே மகாலிங்கையர் என்னும் புலவர் அதன் தமிழ் பிழையற்றதெனப் பாராட்டினார் என்றும் நாவலர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். 1848 இல் ஆறுமுகம்பிள்ளை பேர்சிவலிடம் விடைபெற்று, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1850 இல் நூல் வெளிவந்தது. எல்லாரும் ஆராய்ந்து கருத்துரைக்கும் பொருட்டு, முடிந்த முடிபன்று எனக் கொள்ளத்தக்க தற்காலிகப் பதிப்பாகவே அது வெளியிடப்பட்டது.

புலவர் ஏற்றதைச் சபையார் ஏற்கவில்லை. தமிழ்நாட்டின் மிஷன்களிலிருந்து மறுப்புக்கள் எழுந்தன. நடை கற்றோர்க்கே உரியதென்றும், பழகிய சொற்கள் காரணமின்றிக் கைவிடப்பட்டன என்றும் குறைகூறினர். இக்குறைகளுட் சில நியாயமானவையே. எனினும் அடிப்படைக் காரணம் வேறு. இலக்கணத்தால் எவ்வளவு செம்மையுற்றிருப்பினும், அது மக்கள் அழுதும் தொழுதும் பழகிய தமிழன்று. ஓயாப் பட்டினத்துச் சபையார் சுரைக்கொடிக்காகக் கூறிய அதே மறுப்பினைத் தென்னிந்தியச் சபையார் பப்ரிசியஸ் தமிழுக்காகக் கூறினர். பேர்சிவலின் பல்லாண்டு உழைப்பு, எல்லார்க்கும் பொதுவான வேதாகமம் என்னும் தன் நோக்கத்தை எய்தாது ஒழிந்தது.

இணக்கமும் அதன் பின்னும்

தோல்வியிலிருந்து பிறந்த படிப்பினை வீண்போகவில்லை. அடுத்து இப்பணியை மேற்கொண்ட ஹென்றி பவர் தலைமையிலான குழு, முதலில் ஒரு விதியை வகுத்துக்கொண்டது. புதிதாகப் பெயர்ப்பதை விடுத்து, பப்ரிசியஸ் நூலை அடிப்படையாகக் கொண்டு, இன்றியமையாத இடங்களில் மாத்திரம் திருத்துவதே அவ்விதி. யாழ்ப்பாணத்து நூல் உட்பட ஏனைய மொழிபெயர்ப்புக்களும் ஒப்புநோக்கப்பட்டன. பல மிஷன்களின் பிரதிநிதிகள் கலந்துகொண்டனர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய கால்டுவெல்லும் அவருள் ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஸ்போல்டிங் பங்குகொண்டார். 1871 இல் ஐக்கிய மொழிபெயர்ப்பு என்னும் பெயரால் அது வெளிவந்தது. அதில் இறைவன் 'தேவன்' எனப்பட்டான்.

இவ்விணக்கமும் முழுமையுடையதன்று. லுத்தரன் சபையார் பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பையே தொடர்ந்து போற்றி வழங்கினர். இருபதாம் நூற்றாண்டில் மூலப் பிரதிகள் பற்றிய அறிவு வளர்ந்தபின் லார்சன் முதலானோர் செய்த திருத்திய மொழிபெயர்ப்பு, இறைவனைக் 'கடவுள்' என்றது. அப்பொழுது எழுந்த எதிர்ப்பு விந்தையானது. முன்பு 'பராபரன்' போகலாகாதென்று ஒரு தலைமுறை வாதிட்டது. இப்பொழுது 'தேவன்' போகலாகாதென்று அதன் வழித்தோன்றல்கள் வாதிட்டனர். ஒரு காலத்திற் புதுமையென ஐயுறப்பட்ட சொல்லே பின்னர்ப் பழமையெனப் பேணப்பட்டது. கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் ஒன்றுகூடி ஆக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995 இல் வெளிவந்தது. ஆயினும் புரொட்டஸ்தாந்து இல்லங்களில் 1871 ஆம் ஆண்டின் தமிழே இன்றும் பெரிதும் ஓதப்படுகின்றது.

யாழ்ப்பாணத்து நூலின் பயன் வேறொரு திசையிற் சென்றது. மிஷன் பணியிற் பெற்ற வசனப் பயிற்சியையும் அச்சுத்தொழிலின் அருமையறிந்த அனுபவத்தையும் நாவலர் சைவத்துக்கு ஆக்கினார். தமக்கென அச்சியந்திரம் நிறுவி, பாலபாடங்களையும் பெரியபுராண வசனத்தையும் வெளியிட்டார். 1854 இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலில், சைவக் கிரியைகளை இகழ்ந்த பாதிரிமாருக்கு அவர்தம் பழைய ஏற்பாட்டிலுள்ள ஆலய வழிபாட்டு விதிகளையே எடுத்துக்காட்டி விடையிறுத்தார். வேதாகமத்தை வரிவரியாக அறிந்த ஒருவர்க்கன்றி அவ்விடை இயலுவதன்று.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. மொழிபெயர்ப்புப் பூசல்களிற் பெரும்பாலன நம்பிக்கை தளர்ந்தோரால் எழுந்தவையல்ல. எச்சொல்லால் ஆறுதல் பெற்றனரோ அச்சொல்லை விடமாட்டோமென உறுதிபூண்டோரும், மூலத்தின் மெய்ப்பொருள் மறைதலாகாதென உறுதிபூண்டோரும் எதிரெதிர் நின்றமையால் எழுந்தவை. முன்னோர் கைக்கொண்டதைப் பேணுவோர், அதுவும் ஒருநாட் புதியதாயிருந்தது என்பதை நினைவுகூர்தல் வேண்டும். திருத்த முற்படுவோர், நூல் ஏட்டில் மாத்திரமன்றி ஓதுவோர் நெஞ்சிலும் எழுதப்பட்டுள்ளது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். கோயிலில் எம்மொழி ஒலிக்கவேண்டும், பழைய உரையைத் திருத்தலாமா என்னும் வினாக்கள் நமது சமயத்திலும் எழுவன. அவ்வேளைகளில் ஒருவர் மற்றவரை விசுவாசமற்றவர் என்றோ அறிவற்றவர் என்றோ இகழுமுன், பேர்சிவலும் நல்லூர் இளைஞரும் வெவ்வேறு நம்பிக்கைகளில் அசையாது நின்றுகொண்டே ஒரே மேசையில் இருந்து உழைத்ததை எண்ணிப் பார்த்தல் நலமாகும்.