ஹாம்ஸ்டர் கன்னப்பை மாதிரி

வாய்ப்புற்றுநோய் உருவாகும் விதத்தையும் அதைத் தடுக்கும் வழிகளையும் ஆராய நெடுங்காலம் முதன்மையாகப் பயன்பட்ட விலங்கு மாதிரி. சிரிய ஹாம்ஸ்டரின் கன்னப்பைகள் தோள்வரை நீள்பவை; தானியத்தை அவற்றில் திணித்துக்கொண்டு வளைக்குத் திரும்புவது அதன் இயல்பு. ஆய்வுக்கூட ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை 1930இல் அலெப்போ அருகே விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி பிடித்த ஒரே ஈற்றுக் குட்டிகளின் வழிவந்தவை. அக்குட்டிகளில் எத்தனை பிழைத்தன என்பதில் பதிவுகள் ஒத்துப்போவதில்லை.

முயலின் காதில் தாரைத் தடவிப் புற்றை உண்டாக்கலாம் என்று யமகிவாவும் இச்சிகாவாவும் 1915இல் காட்டியிருந்தனர். கன்னப்பையில் புற்றை உண்டாக்கிக் காட்டியவர் அமெரிக்கரான ஜே. ஜே. சாலி (1954). 1961இல் மாரிஸ் என்பவர் இந்த முறையைச் சீர்ப்படுத்தினார். புற்றை உண்டாக்கும் வேதிப்பொருளான டி.எம்.பி.ஏ.யின் 0.5 சதவீதக் கரைசலை ஒட்டக மயிர்த் தூரிகையால் பையின் உட்புறத்தில் வாரம் மூன்று முறை பூசுவது பின்னர் வழக்கமாயிற்று. முதலில் சவ்வு தடிக்கும். பிறகு உயிரணுக்கள் ஒழுங்கு குலையும். ஏறத்தாழ நான்கு மாதங்களில் கட்டி எழும். மயக்கமருந்து கொடுத்துப் பையை வெளிப்புறமாகத் திருப்பினால் ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த வசதி வாய்ப்புற்றின் மற்ற மாதிரிகள் பலவற்றில் இவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை.

வெற்றிலையுடன் மெல்லும் பாக்கு புற்றை உண்டாக்குமா என்ற கேள்விக்கு விடை அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி, நெய்யூரில் பணியாற்றிய ஓர் (Orr) என்னும் மருத்துவர் 1933இலேயே எழுதியிருந்தார். ஆனால் டன்ஹாமும் ஹெரால்டும் 1962இல் தாம்பூலப் பொருள்களைப் பையில் வைத்துச் சோதித்தபோது கட்டி உண்டாகவில்லை. 1971இல் சூரி குழுவினர் டைமெத்தில் சல்ஃபாக்சைடில் எடுத்த பாக்குச் சாற்றைப் பூசியபோது கட்டி உண்டானது. திசுவுக்குள் எளிதில் ஊடுருவும் அந்தக் கரைப்பான் இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம். பாக்கே புற்றுநோய்க்காரணி என்ற பன்னாட்டு மதிப்பீடு 2004இல் வெளிவந்தது. அதில் மனிதரிடம் கிடைத்த சான்றுகளுக்கே எடை மிகுதி.

சிகிச்சை ஆய்வில் பாஸ்டனின் ஜெரால்ட் ஷ்க்ளார் வைட்டமின் ஈ முதலியவற்றைச் சோதித்தார். அர்ஜென்டினாவில் போரான் நியூட்ரான் சிகிச்சைக்கும் இந்த மாதிரி உதவியது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறை வேம்பு, பூண்டு, தக்காளி ஆகியவற்றின் தடுப்பாற்றலை இதில் விரிவாக ஆராய்ந்துள்ளது.

மனிதருக்குக் கன்னப்பை இல்லை. ஹாம்ஸ்டரின் பைக்கோ முறையான நிணநீர் வடிகால் இல்லை. ஆகவே புற்று கழுத்துக் கணுக்களுக்குப் பரவுவதை ஆராய இது பொருந்தாது. பிற்காலத்தில் 4-என்.க்யூ.ஓ. என்னும் புற்றுநோய்க்காரணி கலந்த நீரை எலிகளுக்குக் குடிக்கக் கொடுக்கும் முறையும், மரபணு மாற்றிய சுண்டெலிகளும், நோயாளியின் கட்டித் துண்டைப் பதியமிட்ட சுண்டெலிகளும் பயன்பாட்டுக்கு வந்தன.