ஏழையின் பசு ஏன் மலையேறவில்லை? வெலிங்டனும் ஆட்டுப்பாலும்

வெலிங்டன் என்றவுடன் பலருக்கும் ஞாபகம் வருவது ராணுவம்தான். குன்னூரிலிருந்து மூன்று கிலோமீட்டர். மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர், ஸ்டாஃப் காலேஜ், பழைய பாரக்ஸ், குதிரைப் பந்தய மைதானம். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அது பாலின் சரித்திரம். இந்த மலையில் யார் பால் கறந்தார்கள், யார் குடித்தார்கள், யாருக்குக் கிடைக்கவில்லை என்று தேடிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு ஆட்டின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இன்று கால் ஏக்கர் நிலத்தில் இரண்டு கறவை ஆடு வாங்கிக் கட்டலாமா என்று யோசிப்பவருக்கு இந்தப் பழைய கதை ரொம்ப உபயோகப்படும்.

எருமை, பிறகு பசு

முதலில் எருமை. நீலகிரியின் தோடர்களுக்கு எருமை வெறும் கால்நடை அல்ல, அதுதான் அவர்களின் மதம். பால் கறக்கும் இடமே கோயில், கறப்பவரே பூசாரி. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906-இல் தோடர்கள் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தில் பாதிக்கு மேல் பால்மனைச் சடங்குகள் பற்றித்தான் என்று சொன்னாலும் மிகையில்லை. படகர்களும் எருமையும் மாடும் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு படகர் கிராமம்தான் ஜெகதளா.

1850-களில் அந்த ஜெகதளாவுக்குப் பக்கத்தில் வெள்ளைக்கார சிப்பாய்களுக்காக பாரக்ஸ் கட்ட ஆரம்பித்தார்கள். முதலில் 'ஜக்கடல்லா' என்றே அழைத்தார்கள். பிறகு வெலிங்டன் பிரபுவின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. சிப்பாய் வந்தால் ஆஸ்பத்திரி வரும், ஆஸ்பத்திரி வந்தால் பால் வேண்டும், வெண்ணெய் வேண்டும். இந்தியாவின் முதல் ராணுவப் பால்பண்ணை 1889-இல் அலகாபாத்தில் தொடங்கியது. வெலிங்டனிலும் அப்படி ஒரு பண்ணை இருந்தது. 1923-இல் பெங்களூர், கர்னால், வெலிங்டன் ஆகிய மூன்று ராணுவப் பண்ணைகளை அரசு வேளாண்மைத் துறையிடம் கொடுத்து, பால்மாட்டு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியது. அங்கே ஆராயப்பட்டது பசு. எல்லாத் திட்டமும் எல்லாப் பணமும் பசுவுக்குத்தான் போனது.

ஆடு? அது இந்த வரிசையிலேயே இல்லை.

குன்னூர் எலிகள் சொன்ன சேதி

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் ராபர்ட் மெக்காரிசன். 1907-இல் வெறிநாய்க்கடி மருந்துக்காகத் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் அவர் உணவு ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் நன்றாகக் கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பியிருந்த, பால் மிகக் குறைந்த மதராஸ் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கடைசி இடம்!

அவருக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டு ஒரு படி மேலே போனார். ஏழைப் பிள்ளைகளின் சாதாரண அரிசிச் சாப்பாட்டோடு கொஞ்சம் கொழுப்பு நீக்கிய பால் சேர்த்துக் கொடுத்தால் உயரமும் எடையும் கூடுவதை இவரது குழு காட்டியது. அந்த ஆராய்ச்சிக்கூடம்தான் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

ஆக, ஏழைக் குழந்தைக்குப் பால் தேவை என்று நிரூபித்தது இந்த மலையேதான். ஆனால் அந்தக் குழந்தையின் அப்பாவால் பசு வாங்க முடியுமா? வாங்கினாலும் தீனி போட முடியுமா? ஒரு பசு தின்பதில் நாலைந்து ஆடுகள் பிழைத்துவிடும். 'ஏழையின் பசு' என்று ஆட்டை உலகம் முழுக்கச் சொல்வது சும்மா இல்லை.

காந்தியின் ஆடு

1934 ஜனவரி இறுதியில் அரிஜன யாத்திரையின் ஒரு பகுதியாக காந்தி குன்னூர் வந்து தங்கினார். பால் குடிப்பதில்லை என்று 1912-இல் தென்னாப்பிரிக்காவில் விரதம் எடுத்தவர் அவர். 1918-இல் சீதபேதி வந்து சாகக் கிடந்தபோது, "நீங்கள் விரதம் எடுத்தது பசுவையும் எருமையையும் நினைத்துத்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே" என்று கஸ்தூரிபா வழி காட்டினார். அன்று தொடங்கிய ஆட்டுப்பால் கடைசி வரை தொடர்ந்தது. விரதத்தின் வார்த்தையைக் காப்பாற்றினேன், அதன் உயிரைக் காப்பாற்றவில்லை என்ற வருத்தம் அவருக்குக் கடைசி வரை இருந்தது.

காந்தி குடித்தும்கூட தமிழ்நாட்டில் ஆட்டுப்பால் பழக்கமாகவில்லை. நம் ஊரில் ஆடு என்றால் கறி, எரு, அவசரத்துக்கு விற்கும் ஏ.டி.எம்.! 2011-இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் இலவசமாகக் கொடுத்தபோதும் அதைப் பாலுக்கு என்று யாரும் நினைக்கவில்லை. பாலுக்குத் தனியாகக் கறவை மாடு கொடுத்தார்கள்.

மூன்று தடைகள்

ஏன் இப்படி? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது நோய் பயம். மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தார்கள். 1887-இல் டேவிட் புரூஸ் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பதை 1905-இல் தெமிஸ்டோகிளிஸ் சம்மித் கண்டுபிடித்தார். பார்க்க ஆரோக்கியமாக இருந்த ஆடுகளின் பாலிலிருந்து! 1906-இல் படையினருக்கு ஆட்டுப்பால் தடை செய்யப்பட்டது, காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. அதுதான் இன்றைய புருசெல்லோசிஸ். பாடம் எளிது: ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடிக்கக் கூடாது, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். ஆடு வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இரண்டாவது சத்துக் கணக்கு. 1920-களில் ஜெர்மனியில் வெறும் ஆட்டுப்பாலில் வளர்ந்த கைக்குழந்தைகளுக்கு ரத்தசோகை வந்தது. காரணம் அப்போது புரியவில்லை. அதற்கான விடையின் ஒரு நூல் குன்னூர் வழியாகப் போகிறது. பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர், 1929-இல் சில மாதங்கள் மெக்காரிசன் இருந்த இதே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் வேலை செய்தார். ஈஸ்ட் சாறான மார்மைட்டில் ஏதோ ஒரு சத்து இந்த ரத்தசோகையைக் குணப்படுத்துகிறது என்று 1931-இல் அறிவித்தார். அந்தச் சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. பசும்பாலில் இருக்கும் ஃபோலேட்டில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் ஆட்டுப்பாலில் இருக்கிறது. கீரையும் பருப்பும் சாப்பிடும் வளர்ந்த பிள்ளைக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் மட்டும் கொடுப்பது தவறு.

மூன்றாவது காடு. 1882 மதராஸ் வனச் சட்டத்துக்குப் பின் மேய்ச்சல் சுருங்கியது. இளங்கன்றுகளைக் கடித்துவிடும் என்பதால் வனத்துறை ஆட்டை எதிரியாகவே பார்த்தது. மிச்சம் இருந்த நிலத்தில் தேயிலை ஏறியது. மேய இடம் இல்லாத இடத்தில் ஆடு எப்படி வளரும்?

சரி, இன்று தொடங்கினால்?

1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது நீலகிரியின் சிறு விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்று அப்போது தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆடு இருப்பது ஒரு சின்ன இன்ஷூரன்ஸ் மாதிரி.

இனம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். மலையின் மேற்கே இறங்கினால் மலபார். அங்கே அரபு வணிகர்கள் கொண்டுவந்த ஆடுகள் உள்ளூர் ஆடுகளோடு கலந்து உருவானதாகச் சொல்லப்படும் இனம் தலைச்சேரி. நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் கறக்கும், பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். ஆனால் குட்டிகள் குடித்தது போக மிச்சம்தான் வீட்டுக்கு. இந்தக் கணக்கை மறந்தவர்கள்தான் முதல் மாதமே ஏமாந்து போகிறார்கள்.

ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். இரண்டு ஆடுகளையும் ஒரே சமயத்தில் சினைப்படுத்தினால் இரண்டும் ஒன்றாகவே வற்றிவிடும். ஐந்தாறு மாத இடைவெளி விட்டால் வருடம் முழுக்க ஏதாவது ஒன்று கறக்கும். ஒரே ஒரு ஆடு மட்டும் வாங்குவதும் சரியல்ல. அது மந்தை விலங்கு, தனியாக இருந்தால் கத்திக்கொண்டே இருக்கும்.

குளிரை விட ஈரம்தான் ஆட்டுக்கு எமன். குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் மழைக்குத் தரையில் கட்டினால் குளம்பு அழுகும், சளி பிடிக்கும். அதனால் பரண் மேல் கொட்டகைதான் சரி. சிறுத்தை நடமாடும் மலை என்பதால் ராத்திரி கதவு சாத்தியே இருக்க வேண்டும். உண்ணிச்செடி கால்நடைக்கு விஷம், வேலியோரம் இருந்தால் பிடுங்கிவிட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுத வேண்டியவை.

விற்பனை? ஆவின் வாங்குவது பசும்பாலும் எருமைப்பாலும்தான். ஆகவே முதல் வாடிக்கையாளர் சொந்த வீடு என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பால் வீட்டுக்கு, வருமானம் குட்டி விற்பனையில்.

நாடு முழுவதும் இருந்த ராணுவப் பண்ணைகள் 2021 மார்ச் 31 அன்று அதிகாரப்பூர்வமாக மூடப்பட்டன. பெரிய பண்ணைகளின் காலம் அப்படி முடிந்தது. ஆனால் குன்னூர் எலிகள் சொன்ன சேதி இன்னும் பழசாகவில்லை: சோறு மட்டும் போதாது, அதோடு ஒரு டம்ளர் பால் வேண்டும். அந்த டம்ளர் பசுவிலிருந்துதான் வர வேண்டும் என்று எந்த எலியும் சொல்லவில்லையே!